மூன்று நிமிட ஆட்டக்காரன்

டிவி போட்டியில் ஜெயித்தவனைக் காற்பந்து அணியில் சேர்க்கலாமா என்று யாராவது பேச்சை எடுத்தால் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். என் பிள்ளைகளுக்கு இது தெரியும். புதிதாக வந்த மருமகனுக்குத் தெரியாது. வெளிநாட்டில் அப்படி ஒரு நிகழ்ச்சி நடக்கிறதாம், பார்க்கிறவர்களே ஓட்டுப் போட்டு ஆட்டக்காரனைத் தேர்ந்தெடுக்கிறார்களாம். "நல்ல ஐடியாதானே அத்தை? யாருக்கும் சான்ஸ் கிடைக்கும்லா," என்றான். "கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாம்பாரைச் சூடு பண்ணப் போனேன். சமையலில் ஏதோ குறை சொல்லிவிட்டோமோ என்று பாவம் அவன் முழித்தான். அவனிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஒரே தம்பி. என்னைவிட நாலு வயது சின்னவன். நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா, நான், அவன் மூன்று பேரும் சிங்கப்பூரில் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தோம். எழுபதுகளின் நடுவில் புக்கிட் மேராவில் அரசாங்க அடுக்குமாடி வீடு கிடைத்துப் பத்தாவது மாடிக்குப் போனோம். போனோம் என்று பெயர்தான். காய்கறிக்கும் கோயிலுக்கும் ஊர்வம்புக்கும் அம்மாவுக்கு எங்கள் பழைய பேட்டையான தேக்காதான் வேண்டும். தம்பிக்கு அங்கேயே இருந்த ஃபேரர் பார்க் மைதானம் வேண்டும். நான் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். சாயங்கால பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் எனக்குப் போதும்.

தம்பி நேஷனல் சர்வீஸ் என்ற கட்டாய ராணுவப் பயிற்சியை முடித்துவிட்டு ஒரு கிடங்கில் கிளார்க்காகச் சேர்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபேரர் பார்க்கில் இடது ஓரத்தில் ஆடுவான். அவன் பந்தோடு கிளம்பிவிட்டால் மைதான ஓரத்தில் உட்கார்ந்து கச்சாங் கடலை கொறித்துக்கொண்டிருந்த கிழவர்கள்கூட எழுந்து நிற்பார்கள். அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. உயிரோடு இருந்தவரை அவனை நான் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை.

அந்த அணிக்குக் கோச்சாக இருந்தவர் ஒரு மலாய்க்காரர். வார நாட்களில் பஸ் ஓட்டுவார். தேக்காவிலேயே பிறந்து வளர்ந்ததால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். ஒரு ஞாயிறு அவர் தம்பியை இடைவேளையோடு வெளியே உட்கார வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறும் அப்படியே. தம்பி வீட்டுக்கு வந்து காலணியைச் சுவரில் எறிந்தான். மூன்றாவது வாரம் கோச்சே எங்கள் வீட்டைத் தேடி வந்தார். தம்பி இல்லை. அம்மா மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

"தங்கச்சி, முதல் பாதி தம்பி புலி," என்றார் என்னிடம். "ரெண்டாவது பாதியிலே ஒதடு வெளுத்துப் போவுது. நான் கவனிச்சுக்கிட்டே இருக்கேன். இது டயர்ட் இல்ல. பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க. அவர் ஓகேன்னா நான் முழு கேம் போடுறேன். இல்லாட்டி போட மாட்டேன்."

அம்மா அவர் லிஃப்டுக்குள் நுழையும்வரை சிரித்த முகமாக நின்றாள். கதவைச் சாத்தியதும் முகம் மாறியது. "அவரு மகனும் அதே டீம்லதானே ஆடுறான்? வயித்தெரிச்சல், வேற என்ன," என்றாள். மகன் ஆடியது உண்மை. அவன் கோல்கீப்பர். கோல்கீப்பருக்கும் இடது ஓரத்துக்கும் என்ன போட்டி என்று அம்மாவிடம் கேட்டுப் பயனில்லை. ஆனால் கோச் சொன்னது எனக்கு உறைத்தது. டாக்டரிடம் போகலாம் என்று தம்பியிடம் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அந்த விளம்பரம் வந்தது. ஒரு டின் பால் கம்பெனி. பெயர் வேண்டாம், இன்று அந்தக் கம்பெனியே இல்லை. சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் ஒரு கிளப்போடு சேர்ந்து டிவியில் ஒரு போட்டி நடத்தினார்கள். எட்டு இளைஞர்கள். ஒவ்வொருவரும் வாரா வாரம் கேமரா முன்னால் திறமையைக் காட்ட வேண்டும். பார்க்கிறவர்கள் பால் டின்னின் லேபிளைத் தபால் அட்டையில் ஒட்டி, தங்களுக்குப் பிடித்தவனின் எண்ணை எழுதி அனுப்ப வேண்டும். வாரம் ஒருவன் வெளியே. கடைசியில் மிஞ்சுகிறவனுக்குக் கிளப்பில் இடம்.

தம்பி விண்ணப்பம் போட்டான். ஆயிரக்கணக்கில் வந்திருப்பார்கள் என்று நினைத்தேன்; எத்தனை பேரோ தெரியாது, இவன் எட்டில் ஒருவனாக வந்துவிட்டான். நிகழ்ச்சியை எடுத்தவர் எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். தம்பியின் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிரி," என்றாராம். சிரித்தானாம். அவ்வளவுதான் தேர்வு.

ஒவ்வொருவனுக்கும் மூன்று நிமிடம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட வேண்டும், ரெண்டு பேரை ஏமாற்ற வேண்டும், கோல் அடிக்க வேண்டும், கேமராவைப் பார்த்துக் கையை ஆட்ட வேண்டும். தொண்ணூறு நிமிடம் ஓடு என்று யாரும் கேட்கவில்லை. மழையில் ஓடு, தோற்றுக்கொண்டிருக்கும்போது ஓடு என்றும் யாரும் கேட்கவில்லை. ஒருவனை ஒரு வருஷம் பார்த்தால்தான் தெரியும் அவன் மூச்சு எந்த இடத்தில் நிற்கிறது என்று. பஸ் ஓட்டும் அந்த மனிதருக்கு அது தெரிந்திருந்தது. மூன்று நிமிடத்தில் என் தம்பியை மிஞ்ச இந்த ஊரில் ஆள் கிடையாது. அதனால்தான் அவன் அங்கே போனான் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. கோச் பார்த்துவிட்ட ஒன்றைப் பார்க்க முடியாத இடம் அது.

முதல் சனிக்கிழமை எங்கள் வரவேற்பறையில் நிற்க இடமில்லை. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி தன் நாற்காலியோடு வந்துவிட்டார். தேக்காவிலிருந்து அம்மாவின் சிநேகிதிகள் டாக்ஸி பிடித்து வந்தார்கள். தம்பி திரையில் வந்ததும் கூரை பிய்ந்துபோகிற மாதிரி சத்தம். நான்கூடக் கத்தினேன். அம்மா மட்டும் டிவியைப் பார்க்கவில்லை. பார்க்கிறவர்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாக, நிதானமாக, கடைசி முகம் வரை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து தேக்கா முழுவதும் டின் பால்தான். பாலில்லாமல் காப்பி குடிக்கிறவர்கள்கூட வாங்கினார்கள். பூக்கட்டும் அக்கா ஒருவர் டின்களைத் தண்ணீரில் ஊறப்போட்டு, உரித்த லேபிள்களைப் பூமாலை நூலில் வரிசையாகக் காயப்போட்டிருந்தார். "நம்ம புள்ளடா, போடாம இருப்போமா?" என்றார். அவன் ஆடி அவர் பார்த்ததே கிடையாது. இத்தனைக்கும் ஃபேரர் பார்க் அவர் கடையிலிருந்து நடக்கும் தூரம்தான்.

இரண்டாவது ஒளிப்பதிவுக்கு நானும் கூடப் போனேன். முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வரும்போது, "அக்கா, இரு," என்றான். சாலை ஓரக் கல்லில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு நிமிடம் இருக்கலாம். உதடு வெளுத்திருந்தது. கோச் சொன்ன அதே வெளுப்பு. கண் திறந்ததும் அவன் முதலில் கேட்டது, "யாராச்சும் பாத்தாங்களா?"

அம்மா பயந்துபோய் டாக்டரிடம் போகலாம் என்பாள் என்று நம்பித்தான் அவளிடம் சொன்னேன். அம்மா சமையலறைக்குப் போய்க் கை நிறைய உப்பும் காய்ந்த மிளகாயும் கடுகும் எடுத்து வந்தாள். தம்பியைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்து, "அந்தக் கண்ணு இந்தக் கண்ணு, பாத்த கண்ணு, பாக்காத கண்ணு," என்று மூன்று முறை சுற்றினாள். வெளித் தாழ்வாரத்தில் கரி அடுப்பு பற்றவைத்து அதில் போட்டாள். கண்ணேறு பட்டிருந்தால் மிளகாய் எரிந்தும் நெடி வராது என்பார்கள். நெடி வரவில்லை. யாருக்கும் ஒரு இருமல் இல்லை.

"பாத்தியா?" என்றாள் அம்மா என்னைப் பார்த்து. "ஒரு கண்ணா ரெண்டு கண்ணா? ஊரு முழுக்க உக்காந்து பாத்துருக்கு. தாங்குமா என் புள்ளைக்கு?"

எங்கள் ஆட்கள் ஒரு புது உடுப்பு போட்டாலே சுத்திப் போடுகிறவர்கள். அப்படியிருக்க, டிவியில் வந்தவனுக்கு வேறு என்ன நோய் வந்துவிட முடியும்? தேக்காவில் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது நானே நாலு மிளகாயை எடுத்து, யாரையும் சுற்றாமல், அதே அடுப்பில் போட்டுப் பார்த்தேன். அப்போதும் நெடி வரவில்லை. பத்தாவது மாடிக் காற்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. இதை அன்றே அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு மருத்துவமனையில் இதய டாக்டரைப் பார்க்க நாள் வாங்கினேன். ஒரு வியாழக்கிழமை கிடைத்தது. கறுப்புக் கண்ணாடிக்காரர் அந்த வார ஒளிப்பதிவை அதே வியாழக்கிழமைக்கு மாற்றிவிட்டார். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, டாக்டர் ஒரு பேப்பர்ல ஒரு வரி எழுதினா போதும், எல்லாம் முடிஞ்சிரும். பைனல் முடியட்டும். நானே வரேன், ப்ராமிஸ்லா."

மறுநாள் ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டு அந்த நாளை ரத்து செய்தது நான்தான். அவன் கெஞ்சினான் என்பது உண்மை. அது மட்டும் காரணம் இல்லை. ஆபீஸில் அதுவரை என் பெயர்கூடத் தெரியாத பெரிய அதிகாரியின் மனைவி ஒரு நாள் என்னைத் தேடி வந்து, அந்தப் பையனின் அக்காவா நீ என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு அது பிடித்திருந்தது. பஸ்ஸில் என்னைச் சுட்டிக்காட்டிக் கிசுகிசுத்தார்கள். அதுவும் பிடித்திருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது தடவை அவன் குளியலறையில் விழுந்தான். கதவை உடைத்துத்தான் தூக்கினோம். இந்த முறை அம்மா பூசணிக்காய் வாங்கி வந்து எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உடைத்தாள். துப்புரவுக்காரப் பெண்மணி ஹொக்கியன் சீனத்தில் அரை மணி நேரம் திட்டினார். அம்மா அவருக்கு ஆரஞ்சுப் பழங்கள் கொடுத்துச் சமாதானம் செய்தாள். அதன்பின் ஒளிப்பதிவுக்குப் போகும்முன் தம்பியின் உள்ளங்காலில் மை வைத்தாள். தொடையில் தாயத்துக் கட்டினாள். நிகழ்ச்சியில் ஆட்கள் குறையக் குறைய அம்மாவின் சடங்குகள் கூடிக்கொண்டே போயின. வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேசுவதில்லை. அவன் மாடிப்படி ஏறினால் நானும் அம்மாவும் அவனுக்குப் பின்னால், ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஏறினோம்.

மூன்றாவது தடவை கேமரா ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்தான். மூன்று பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். இரண்டு பேரை ஏமாற்றி, கோல் அடித்து, கையைத் தூக்கினான். தூக்கிய கையோடு முகம் குப்புற விழுந்தான். நான் ஓடினேன். "ஓடட்டும், கேமரா ஓடட்டும்," என்று கறுப்புக் கண்ணாடிக்காரர் சொன்னது என் காதில் விழுந்தது. தண்ணீர் தெளித்தார்கள். எழுந்தான், சிரித்தான். அவன் சிரித்ததையும் எடுத்தார்கள்.

சனிக்கிழமை அதை டிவியில் போட்டார்கள். பின்னணியில் இசை. விழுந்து கிடந்த நேரத்தைக் குறைத்து, கோலையும் எழுந்து சிரித்ததையும் ஒட்டிவிட்டார்கள். உயிரைக் கொடுத்து ஆடுகிறவன் இவன் என்று அறிவிப்பாளர் தழுதழுத்தார். எங்கள் வீட்டில் எல்லாரும் கைதட்டினார்கள். அந்த வாரம் தபால் அட்டைகள் மூட்டை மூட்டையாக வந்ததாம்.

திங்கட்கிழமை கோச் என் ஆபீஸுக்கு போன் பண்ணினார்.

"தங்கச்சி, டிவில பாத்தேன். அவன் விழுறதுக்கு முன்னாடி யாரும் அவனைத் தொடலை. நீங்களும் அங்கதானே நின்னீங்க?"

"ஆமாங்க அங்கிள்," என்றேன். பின்னால் அதிகாரி நின்றார். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அப்புறம் நான் பேசவில்லை.

தம்பி ஜெயித்தான். தேக்காவில் ஒரு மிட்டாய்க் கடைக்காரர் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். கிளப்பில் உடல் பரிசோதனை என்று எடை பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள், முழங்காலைத் தட்டிப் பார்த்தார்கள். ஊரே தேர்ந்தெடுத்தவனை வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? வழக்கமாகப் புது ஆளைச் சில மாதம் வெளியே உட்கார வைத்துக் கடைசிப் பத்து நிமிடம் இறக்குவார்களாம். இவனை அப்படி வைக்க முடியாது. வெளியூர் அணியோடு நட்பு ஆட்டம் ஒன்றை ஏற்பாடு செய்து, நீங்கள் தேர்ந்தெடுத்தவன் முழு ஆட்டமும் ஆடுவான் என்று பால் கம்பெனி பேப்பரில் விளம்பரம் கொடுத்துவிட்டது. அந்த விளம்பரத்தை அம்மா வெட்டிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

"பைனல் முடிஞ்சிருச்சே, டாக்டர்?" என்று கேட்டேன்.

"இந்த ஒரு மேட்ச், அக்கா," என்றான். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

ஆட்டம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நல்ல வெயில். முதல் பாதியில் அவன் புலிதான். தேக்கா ஆட்கள் ஒரு பக்கத்தையே பிடித்துக்கொண்டு கத்தினார்கள். இடைவேளை முடிந்து அவன் மறுபடி இறங்கியபோது நான் அவன் உதட்டைப் பார்க்க முயன்றேன். அவ்வளவு தூரத்தில் ஒன்றும் தெரியவில்லை. அம்மா என் பக்கத்தில் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பந்து எங்கோ மறுகோடியில் இருந்தபோது, இடது ஓரத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தவன் உட்கார்ந்தான். பிறகு சாய்ந்தான். கூட்டத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள். டிவியில் அப்படித்தானே விழுந்தான், எழுந்து சிரிப்பான் என்று காத்திருந்தார்கள். நடுவர் திரும்பிப் பார்ப்பதற்கே நேரமாகிவிட்டது.

மருத்துவமனையில் ஒரு சீனப் பெண் டாக்டர் வெளியே வந்தார். என்னைவிடச் சின்னவராக இருந்தார். வருந்துகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அம்மாவுக்கு மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. அம்மா அழவில்லை, அந்த நீள நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். டாக்டர், இதற்கு முன்னால் அவர் மயங்கி விழுந்ததுண்டா என்று என்னிடம் கேட்டார்.

நான் இல்லை என்றேன். இனி உண்மை சொல்லி யாரைக் காப்பாற்றப் போகிறேன் என்று தோன்றியது. மூன்று தடவை என்று சொன்னால், மூன்று தடவையும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அடுத்து கேட்பார். மிளகாய் சுற்றினோம் என்று அம்மாவை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அவள் பிள்ளையை அவளே சாக விட்டுவிட்டாள் என்று அவளுக்குத் தெரியாமலே போகட்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்றுகூட நினைத்தேன்.

டாக்டர் எழுதப் போனவர், என்ன நினைத்தாரோ, பக்கத்தில் நின்ற தமிழ் நர்ஸிடம் அம்மாவையும் ஒரு தடவை கேட்கச் சொன்னார். நர்ஸ் குனிந்து, "அம்மா, தம்பி இதுக்கு முன்னாடி எப்பயாச்சும் மயங்கி விழுந்தாரா?" என்றாள்.

"நாலு தடவை," என்றாள் அம்மா.

"மூணும்மா," என்றேன் நான், என்னையறியாமல்.

"நாலு." அம்மா என்னைப் பார்க்கவில்லை, நர்ஸின் முகத்தைப் பார்த்தே பேசினாள். "லிஃப்டு கெட்டுப்போன அன்னிக்கு மேல வரைக்கும் ஓடி வந்தான். வாசல்லயே விழுந்துட்டான். நீ ஆபீஸ் போயிருந்தே. அப்ப டிவியும் இல்ல, போட்டியும் இல்ல. ஒரு கண்ணும் அவன் மேல படல."

"அப்ப உனக்குத் தெரியுமா, திருஷ்டி இல்லன்னு?"

"திருஷ்டின்னா நான் எடுத்துருவேன்," என்றாள். "வேற ஏதாச்சும்னா நான் என்னடி செய்வேன்?"